விரல் அறிந்ததை வாய் சொன்னபோது

சங்கீத வித்வான்களைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு நெடுநாளைய நம்பிக்கை உண்டு. நல்ல வித்வான் அதிகம் பேசமாட்டார். அதிகம் பேசுகிறவர் நல்ல வித்வானாக இருக்கமாட்டார் என்பதே அது. பாடகர்களையாவது மன்னித்துவிடுவார்கள், அவர்களுக்கு வாய்தான் வாத்தியம். வீணைக்காரரோ, பிடில்காரரோ, மிருதங்கக்காரரோ வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசிவிட்டால் போதும். "கையில் சரக்குக் குறைந்துவிட்டது போலிருக்கிறது!" என்று பின்வரிசையில் ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரின் காதைக் கடிப்பார்.

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. வீணையைப் பற்றி ஆறு மாதம் பேசினாலும் ஒரு வர்ணம் கைக்கு வந்துவிடாது. விரல் நுனியில் காய்ப்பு விழவேண்டும். அதற்குச் சாதகத்தைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் மற்றப் பாதி இருக்கிறதே, அதைச் சரித்திரம் ஒப்புக்கொள்வதில்லை. நம் வாத்தியங்களின் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், எந்த எந்த இடத்தில் கலை ஒரு படி மேலே ஏறியிருக்கிறதோ அந்த அந்த இடத்திலெல்லாம் இரண்டு பேர் உட்கார்ந்து மனம் விட்டுப் பேசியிருக்கிறார்கள். வித்தை விரலில் இருக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் ஒருவர் விரலிலிருந்து இன்னொருவர் விரலுக்கு அது பிரயாணம் செய்வதற்குப் பெரும்பாலும் பேச்சுத்தான் வாகனமாக இருந்திருக்கிறது. அந்தக் கட்சியைத்தான் இங்கே கொஞ்சம் எடுத்துப் பேசப் போகிறேன்.

நான் வசிப்பது கொட்டிவாக்கத்தில். திருவான்மியூரைத் தாண்டியதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரு மருங்கும் விரிந்திருக்கும் ஊர் இது. 2011-ஆம் வருஷம்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. சாலைக்குக் கிழக்கே மீனவர் குப்பம். அதற்கு அப்பால் சமுத்திரம். வாத்தியக்காரர்கள் குடியிருப்பதற்கு இது அவ்வளவு ஏற்ற ஊர் என்று சொல்லமுடியாது. உப்புக் காற்று தந்திகளைத் தின்றுவிடும். இரவு மெருகோடு இருந்த தந்தி சில நாளில் கறுத்துப் போகும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து உறை போட்டு மூடாவிட்டால் ஆபத்து. இருந்தும் இங்கே வீணை, பிடில், மிருதங்கம், புல்லாங்குழல் எல்லாம் வாசிக்கிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். காரணம், பக்கத்திலே கலாக்ஷேத்திரம்.

ருக்மிணி தேவி 1936-இல் அடையாற்றில் தொடங்கிய அந்த ஸ்தாபனம் பிற்பாடு திருவான்மியூரில் மணற்பாங்கான நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ருக்மிணி தேவி பெரிய பெரிய வித்வான்களையெல்லாம் தேடி அழைத்து வந்து ஒரே வளாகத்தில் உட்கார வைத்தார். டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார், காரைக்குடி வீணை சாம்பசிவ ஐயர், கோட்டுவாத்தியம் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் ஆகிய எல்லோரும் வெவ்வேறு காலங்களில் அங்கே வாசம் செய்தவர்கள். சாம்பசிவ ஐயரையே எடுத்துக்கொள்ளுங்கள். "காரைக்குடி சகோதரர்கள்" என்று பெயர் பெற்ற இருவரில் இளையவர். தமையனார் சுப்பராம ஐயர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசிப்பார். தம்பி மடியில் கிடத்தி வாசிப்பார். ஒரே வீட்டில், ஒரே வாத்தியத்தில், ஒரே மேடையில் இரண்டு விதமான பிடிப்பு! தமையனார் 1936-இல் மறைந்தார். தம்பி 1952-இல் சங்கீத கலாநிதியாகி, 1958 வரை இருந்தார். அவரைப் போன்றவர்களுக்கு ஓர் இடம் கொடுத்து, இளைய தலைமுறையினர் அவர்களோடு பழகும்படி செய்ததுதான் அந்தக் கலாசாலை செய்த பேருபகாரம் என்று நினைக்கிறேன். பாடத்திட்டத்தில் உள்ளதை எங்கேயும் கற்கலாம். மத்தியான்னம் காப்பிக்குப் பிறகு ஒரு பெரியவர் திண்ணையில் சாய்ந்துகொண்டு சொல்வதை எங்கேயும் கற்கமுடியாது.

இனிச் சென்னையின் தென்கோடியிலிருந்து வடகோடிக்குப் போவோம். கொட்டிவாக்கத்துக்கும் மணலிக்கும் நடுவே பட்டணம் முழுவதும் கிடக்கிறது. இன்றைக்கு மணலி என்றால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஏறத்தாழ 200 வருஷங்களுக்கு முன்னால், தென்னாட்டுச் சங்கீதத்தின் போக்கையே மாற்றிய ஒரு சம்பாஷணை அந்த மணலியோடு சம்பந்தப்பட்டது.

மணலி ஜமீன்தாரான முத்துக்கிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியில் துபாஷி உத்தியோகம் பார்த்தவர். துபாஷி என்றால் இரண்டு பாஷைக்காரர். பேச்சையே தொழிலாகக் கொண்டவர். அவர் ராமஸ்வாமி தீக்ஷிதரின் குடும்பத்தைத் தம் ஊருக்கு அழைத்து வந்து ஆதரித்தார். அவருடைய குமாரர் காலத்திலும் அந்த ஆதரவு தொடர்ந்தது. ராமஸ்வாமி தீக்ஷிதரின் மூத்த பிள்ளைதான் முத்துஸ்வாமி தீக்ஷிதர். கடைசிப் பிள்ளை பாலுஸ்வாமி தீக்ஷிதர். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியம் நடக்கும். அதைக் கேட்கும் வாய்ப்பு இந்தச் சகோதரர்களுக்குக் கிடைத்தது. அண்ணா அந்த மெட்டுக்களைக் காதில் வாங்கிக்கொண்டு சம்ஸ்கிருத வார்த்தைகளை அமைத்தார். "நோட்டு ஸ்வரம்" என்று இன்றும் குழந்தைகள் பாடுகிறார்களே, அவை அப்படிப் பிறந்தவை. இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டுக்கூட அவற்றில் ஒன்றாக அமைந்திருக்கிறது.

தம்பியின் கண் மெட்டின் மேல் விழவில்லை. வாத்தியத்தின் மேல் விழுந்தது. முதலியாரின் உதவியால் ஓர் ஐரோப்பியரிடம் மூன்று வருஷம் பிடில் கற்றுக்கொண்டார். இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒருவருக்குக் கர்நாடக சங்கீதம் தெரியாது. மற்றவருக்கு மேல்நாட்டுச் சங்கீதம் தெரியாது. ஒருவருக்குக் கமகம் என்றால் என்னவென்று தெரியாது. மற்றவருக்கு வில்லைப் பிடித்துப் பழக்கமில்லை. அந்த மூன்று வருஷத்தில் இரு பக்கத்திலும் எத்தனை கேள்விகள் எழுந்திருக்கவேண்டும்!

விளைவு நமக்குத் தெரியும். மேல்நாட்டார் பிடிலின் நாலு தந்திகளையும் பஞ்சமத்துக்குப் பஞ்சமமாக ஏற்றிச் சுருதி கூட்டுவார்கள். நம்மவர்களோ ஸ, ப, ஸ, ப என்று மாற்றினார்கள். அவர்கள் நின்றுகொண்டு தோளில் சாய்த்து வாசிப்பது. நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து, அதன் தலையைக் கணுக்காலின் மேல் ஊன்றி, மார்போடு அணைத்துக்கொண்டார்கள். கணுக்காலில் ஊன்றியதால் இடது கைக்குப் பிடியைத் தாங்கும் வேலை போய்விட்டது. கை இஷ்டம் போல் மேலும் கீழும் வழுக்கி ஓட முடிந்தது, கமகங்கள் பிறந்தன. பாலுஸ்வாமி தீக்ஷிதர் பிற்பாடு எட்டயபுரம் சமஸ்தான வித்வானானார். அவர் மட்டும் அல்ல. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் பிடிலில் பெரும் புகழ் பெற்று, 1834-இல் ஸ்வாதித் திருநாள் மகாராஜாவிடம் தந்தத்தால் ஆன பிடிலைப் பரிசாகப் பெற்றார். இன்று பிடில் இல்லாத பாட்டுக் கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா? அந்நிய வாத்தியம் என்று யாராவது அதைச் சொன்னால் நாம் சண்டைக்குப் போவோம்.

பேச்சினால் வந்த லாபம் இது. பேசாததால் வந்த நஷ்டமும் நம்மிடம் ஏராளம். வித்தையை மூடி வைப்பது ஒரு காலத்தில் பெருமையாகக் கருதப்பட்டது. குடும்பத்துக்கு ஒரு ரகசியம், சிஷ்ய பரம்பரைக்கு ஒரு ரகசியம். சமஸ்தானத்து மானியம் அந்த ரகசியத்தை நம்பித்தான் இருந்தது. ஆகையால் அவர்களை முழுவதும் குறை சொல்வதற்கும் இல்லை. சொத்து என்று இருந்தது அது ஒன்றுதானே! ஆனால் நிலத்தைப் பூட்டி வைத்தால் அடுத்த தலைமுறைக்கு நிலம் மிச்சமிருக்கும். ராகத்தைப் பூட்டி வைத்தால், பூட்டினவர் போகும்போது ராகமும் கூடவே போய்விடும்.

அப்படிப் போயிருக்கவேண்டிய ஒரு பெரும் பொக்கிஷம் போகாமல் தப்பிய கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நடந்தது. பாலுஸ்வாமி தீக்ஷிதருக்குப் புத்திர சந்தானம் இல்லை. தம் மகள் வயிற்றுப் பேரனையே சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அந்தப் பேரன்தான் சுப்பராம தீக்ஷிதர். 1839-இல் பிறந்து எட்டயபுரத்தில் வீணையும் வித்தையுமாக வாழ்ந்தவர். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கிருதிகள், வேங்கடமகி சம்பிரதாயத்து ராக லக்ஷணங்கள் எல்லாம் அவர் வீட்டில் இருந்தன.

இந்தப் பக்கம் சென்னையில், அரசாங்கச் செக்ரடேரியட்டில் உத்தியோகம் பார்த்த சின்னஸ்வாமி முதலியார் என்பவர் இருந்தார். எம்.ஏ. படித்தவர், கிறிஸ்தவர், மேல்நாட்டுச் சங்கீதத்தை நன்றாகக் கற்றவர். நம் கீர்த்தனங்களை ஐரோப்பிய ஸ்வரக் குறிப்பில் எழுதி உலகத்துக்குக் கொடுக்கவேண்டும் என்பது அவருக்கு ஒரு வெறி. 1892 வாக்கில் கைப்பணத்தைச் செலவழித்துப் பகுதி பகுதியாகப் பிரசுரம் செய்யத் தொடங்கினார். தியாகராஜரின் கீர்த்தனங்களுக்கு அவர் வாலாஜாப்பேட்டை சிஷ்ய பரம்பரையை நாடினார். தீக்ஷிதர் கிருதிகளுக்குச் சுப்பராம தீக்ஷிதரைத் தேடிப் பிடித்தார்.

சாதியில், மதத்தில், படிப்பில், பழக்க வழக்கத்தில் இருவருக்கும் ஒட்டே கிடையாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது, ஸ்வரத்தைப் பற்றிய கவலை ஒன்றே. சுப்பராம தீக்ஷிதர் எளிதில் இணங்கிவிடவில்லை. காலம் காலமாகக் காத்து வந்ததை அச்சிலே போட்டுவிட்டால் அதன் மதிப்பு என்ன ஆவது என்ற தயக்கம் யாருக்குத்தான் வராது? முதலியார் விடவில்லை. எட்டயபுரம் மகாராஜாவிடமே விண்ணப்பம் செய்துகொண்டார், மகாராஜாவும் ஆணையிட்டார். அதன் பலனாக 1904-இல் எட்டயபுரம் சமஸ்தான அச்சுக்கூடத்திலிருந்து தெலுங்கு லிபியில் இரண்டு பெரும் பாகங்களாக வெளிவந்தது சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. தீக்ஷிதரின் கிருதிகள் மட்டும் 200-க்கு மேல் அதில் இருக்கின்றன.

அந்தப் புத்தகத்தில் என்னை வியக்க வைப்பது கிருதிகளின் தொகை அல்ல. ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு தனிக் குறி போட்டு, வீணையில் விரலை எப்படி வைக்கவேண்டும், தந்தியை எப்படி இழுக்கவேண்டும் என்று விளக்கியிருக்கிறாரே, அதுதான். மேல்நாட்டு ஸ்வரக் குறிப்பு தெரிந்த ஒருவர், "இந்த அசைவை எழுத்தில் எப்படிக் காட்டுவது?" என்று விடாமல் கேட்டாலொழிய, பரம்பரை வித்வான் ஒருவருக்கு இப்படி ஒரு தேவையே தோன்றியிருக்காது. தெரிந்தவருக்குத் தெரிந்தது கண்ணுக்குப் படுவதில்லை. கேட்பவர் ஒருவர் வந்தால்தான் அது படுகிறது. தீக்ஷிதரின் கையில் இருந்ததை வெளியே கொண்டுவந்தது முதலியாரின் கேள்வி.

அதே 1904-ஆம் வருஷம் பம்பாயிலிருந்து ஒரு வக்கீல் எட்டயபுரத்துக்கு வந்து சேர்ந்தார். அவர்தான் விஷ்ணு நாராயண் பாத்கண்டே; ஹிந்துஸ்தானி சங்கீதத்துக்கு இலக்கணம் வகுக்கவேண்டும் என்று தேசமெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தவர். சுப்பராம தீக்ஷிதரைக் கண்டு பேசினார். வேங்கடமகியின் சதுர்தண்டீ பிரகாசிகையின் பிரதியைப் பெற்றார். 72 மேளங்களின் கட்டுக்கோப்பைக் கண்டறிந்த அவர், பிற்பாடு வடநாட்டு ராகங்களைப் 10 தாட்டுகளில் அடக்கினார். இன்றைக்கு லக்னோவிலோ டில்லியிலோ சிதார் கற்கும் பையன் முதல் வருஷத்தில் நெட்டுருப் போடும் அந்தப் பத்துக்கும் எட்டயபுரத்துச் சந்திப்புக்கும் உறவு உண்டு. இன்னொரு வேடிக்கை: பாத்கண்டே மராத்தியில் எழுதிய பெரிய சங்கீத நூல் முழுவதும் குருவும் சிஷ்யனும் பேசிக்கொள்வதாகவே அமைந்திருக்கிறது. பேசிப் பேசிச் சேர்த்ததைப் பேச்சாகவே எழுதி வைத்துவிட்டார்!

இதுவரை சொன்னவை இரண்டு பேர் பேசிய கதைகள். பத்துப் பேர், நூறு பேர் கூடிப் பேசினால் என்ன ஆகும்? அதைச் சோதித்துப் பார்த்தவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். சித்த வைத்தியத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். மருந்து விற்ற பணத்தை ஸ்வரத்தில் போட்டார். 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தி, 1916-க்குள் தஞ்சையில் ஏழு மகாநாடுகள் கூட்டினார். ஒரு ஸ்தாயிக்குள் சுருதிகள் 22 என்று சாரங்கதேவர் காலம் முதல் சொல்லி வருகிறார்களே, அது சரியா, 24 என்பதல்லவா சரி என்பதுதான் அவருடைய பெரிய வழக்கு. 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மகாநாட்டுக்குத் தம் குடும்பத்துப் பெண்களையே அழைத்துச் சென்று, வீணையில் வாசித்துக் காட்டச் செய்தார். 1917-இல் வெளிவந்த அவருடைய கருணாமிர்த சாகரம் 1,300 பக்கங்களுக்கு மேற்பட்ட நூல்.

இருபத்திரண்டா, இருபத்துநாலா என்ற வழக்கில் அவருடைய கட்சியை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா என்று கேட்டால், இல்லை. அதனால் அந்த மகாநாடுகள் வீணாகிவிட்டனவா? அதுவும் இல்லை. அதுவரையில் சங்கீதத்தைப் பற்றி வித்வான்கள் தர்க்கம் செய்யவேண்டுமானால் ஒரு ராஜ சபை வேண்டும். ஜயித்தவருக்குத் தோடா, தோற்றவருக்குத் தலைகுனிவு. பண்டிதர் கூட்டிய சபையில் ராஜா இல்லை, தோடா இல்லை. ஒரு கருத்தை வீணையில் மெய்ப்பித்துக் காட்டவேண்டும். மறுப்பவர் தம் காதை நம்பி மறுக்கலாம். தோற்றவர் ஊரைவிட்டு ஓடவேண்டியதில்லை. அடுத்த மகாநாட்டுக்கும் வரலாம்! சங்கீத உலகத்தில் இது புதிது.

இந்தப் புதுமை சென்னையில் நிலைத்து வேரூன்றியது சங்கீத வித்வத் சபையில். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதை ஒட்டி அகில இந்திய சங்கீத மகாநாடு ஒன்று நடந்தது. அதன் பயனாக 1928 ஆகஸ்டு 18-ந் தேதி சபை தொடங்கியது. மாலையில் கச்சேரி என்பது எல்லோருக்கும் தெரியும். காலையில் வித்வான்களின் நிபுணர் குழு கூடி ராக லக்ஷணங்களை ஆராய்ந்ததுதான் என் கதைக்கு வேண்டியது. 1930 முதல் சபை வெளியிட்டு வரும் சஞ்சிகையில் அந்த விவாதங்களைப் பதிவு செய்தார்கள். இன்னார் இப்படிச் சொன்னார், இன்னார் அதை மறுத்து இந்தப் பிரயோகத்தைப் பாடிக் காட்டினார் என்று பெயரோடு அதில் வரும். குழு முடிவு கட்டிய ராகங்கள் பல. முடிவைப் பற்றி எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. ராகம் என்பது தீர்மானம் நிறைவேற்றி அடக்கிவிடக்கூடிய பிராணி அல்ல. முடிவுக்கு இணங்காதவரின் வார்த்தையையும் அச்சில் போட்டார்களே, அதுதான் பெரிய காரியம். இன்று ஒரு பெண் வீணையை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த ராகத்தில் இந்தப் பிடி உண்டா?" என்று ஐயப்பட்டால், தொண்ணூறு வருஷத்துக்கு முன் இரண்டு பெரியவர்கள் இதே கேள்விக்காக மோதிக்கொண்டதை வாசித்து இரு தரப்பையும் அறியலாம். ஒரே தரப்பு மட்டும் எழுதப்பட்டிருந்தால் அவளுக்குக் கிடைப்பது கட்டளை. இரண்டும் எழுதப்பட்டிருப்பதால் அவளும் அந்தச் சம்பாஷணையில் சேர்ந்துகொள்கிறாள்.

இங்கே ஒரு கேள்வி கேட்கவேண்டியிருக்கிறது. பேச்சு நல்லதுதான், யார் யார் பேசினார்கள்? எந்தச் சபைக்கும் ஒரு வாசல் உண்டு. வாசல் என்றால் உள்ளே விடுவதற்கு மட்டும் அல்ல, வெளியே நிறுத்துவதற்கும்தான். சபைத் தலைவருக்குச் சங்கீத கலாநிதி என்னும் பட்டம் 1942-இல் ஏற்பட்டது. ஒரு மிருதங்க வித்வான், பாலக்காடு மணி ஐயர், அந்த ஸ்தானத்துக்கு வர 1966 ஆயிற்று. ஒரு பெண், எம்.எஸ். சுப்புலக்ஷ்மி, வர 1968 ஆயிற்று. நாதஸ்வரத்துக்காகத் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு 1956-இல் கிடைத்தது. நாதஸ்வரத்தையே தம் பெயராக்கிக்கொண்ட திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அதே 1956-இல் காலமானார். அவருக்கு அது கிடைக்கவே இல்லை.

ராஜரத்தினம் பிள்ளையின் பெயரைச் சொன்னதும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைச் சொல்லாமல் இருக்கமுடியாது. ராஜரத்தினம் பிள்ளைக்கு முன் பெரும்பாலும் வாசித்தது திமிரி என்னும் குட்டை நாதஸ்வரம். கோயில் வீதியில் ஊரெல்லாம் கேட்கும்படி முழங்குவதற்கு அது தகும். கச்சேரி மேடையில் மற்ற வாத்தியங்களோடு உட்கார்ந்து கம்பீரமாக ஆலாபனை செய்யச் சுருதி தாழ்ந்த நீண்ட குழல் வேண்டும். சுத்த மத்தியமம் இயல்பாகப் பேசவேண்டும். வாசிப்பவர் தம் குறையைச் சொன்னார். கடைபவர் துளையின் இடத்தை மாற்றி மாற்றிக் கடைந்தார். பாரி நாதஸ்வரம் அப்படி உருவாயிற்று. 2022-இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகள் ஊரைப் பாராட்டின. நியாயந்தான். ஆனால் அந்த வாத்தியத்தின் ஒவ்வொரு துளையிலும் ஒரு வித்வானும் ஓர் ஆசாரியும் பேசிய பேச்சு இருக்கிறது.

மிருதங்கமும் அப்படியே. பலாமரத்துக் கட்டை, பசு, ஆடு, எருமைத் தோல்கள், வலந்தலையில் கறுப்பாகச் சோறு, தொப்பியில் ரவை. இவ்வளவும் கூடி ஒரு நாதம் பிறக்கவேண்டும். பாலக்காடு மணி ஐயர் என்னும் பெயருக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்து என்னும் பெயர் இருக்கிறது. மணி ஐயர் காதில் கேட்ட நாதத்தைத் தோலில் கொண்டுவந்தவர் அவர். அவரும் அவரைப் போன்ற தொழிலாளர்களும் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். வித்வானோடு பேசினார்கள், வித்வான்களின் சபையில் பேச அவர்களை அழைப்பார் இல்லை. பாடகர் டி.எம். கிருஷ்ணா அந்தக் குடும்பங்களின் கதையைத் திரட்டி 2020-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வெளியீட்டு விழாவைத் திருவான்மியூர்க் கலாக்ஷேத்திரத்தின் ருக்மிணி அரங்கில் நடத்த ஏற்பாடாகியிருந்தது. புத்தகத்தில் சர்ச்சைக்குரிய செய்திகள் இருக்கின்றன என்று சொல்லி அனுமதி திரும்பப் பெறப்பட்டது. விழா தரமணியில் ஒரு பத்திரிகையியல் கல்லூரியில் நடந்தது. இரண்டு இடங்களும் என் ஊருக்கு மிக அருகில் இருப்பவை. பேச்சு நின்றுவிடவில்லை, பக்கத்துத் தெருவுக்குப் போயிற்று, அவ்வளவுதான். ஆனாலும், பெரியவர்களையெல்லாம் ஒன்றுகூட்டி உட்கார வைத்த அதே மண்ணில் அந்தப் பேச்சும் நடந்திருந்தால் மிருதங்கத்துக்கு எவ்வளவு கௌரவம் என்று நினைக்காமல் இருக்கமுடியவில்லை.

பெரிய சபைகளில் நடக்காதது சிறிய வீடுகளில் நாள்தோறும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கொட்டிவாக்கத்தில் என் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஓர் அம்மாள் வீணை கற்றுக்கொடுக்கிறார். வீணைக்கு 24 மெட்டுக்கள்; அவற்றை மெழுகில் பதித்திருப்பார்கள். நாளாக ஆக மெழுகு இளகி மெட்டு இடம் பெயரும். அப்போது மேளம் கட்ட ஓர் ஆசாரி வருவார். ஒரு தடவை நானும் அங்கே இருந்தேன்.

"இந்த இடத்தில் கரகரன்னு பேசுது, பாருங்க ஆசாரி" என்றார் அம்மாள்.

ஆசாரி மீட்டிப் பார்த்தார். "மெட்டு மேல குத்தம் இல்லீங்கம்மா. தந்தி தேஞ்சு போச்சு. நீங்க இந்த இடத்துல ரொம்ப இழுக்கறீங்க, இல்லையா?"

"தோடியாச்சே, இழுக்காமல் எப்படி?"

"இழுங்க, வேணாம்னு சொல்லலை. முன்னே உங்க டீச்சரம்மா இங்கே இழுக்க மாட்டாங்க. ஒரு மெட்டுக் கீழே இருந்து இழுப்பாங்க. அவங்க வீணையில அங்கேதான் பள்ளம் விழுந்திருக்கும்."

அம்மாள் பேசவில்லை. கீழ் மெட்டில் விரலை வைத்து அதே காந்தாரத்தை இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறை இழுத்தார். பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவியைப் பார்த்து, "நோட்டுப் புஸ்தகத்தை எடு, எழுதிக்கொள்" என்றார்.

குரு போய்ப் பல வருஷம் ஆகியும், அவருடைய விரல் சென்ற இடம் ஆசாரியின் ஞாபகத்தில் இருந்திருக்கிறது! அம்மாள் வாய் திறந்து குறையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அது வெளியே வந்திராது. எட்டயபுரத்தில் முதலியார் கேட்டதும் இந்த ஜாதிக் கேள்விதான். அளவில் வித்தியாசம் இருக்கலாம், குணத்தில் இல்லை.

வாத்தியக்காரர்களின் பேச்சில் வம்பு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இன்னாருக்கு எந்தச் சபையில் எத்தனை மணிக்குக் கச்சேரி, இன்னாருக்கு என்ன சன்மானம் என்பதிலேயே பாதிப் பொழுது போய்விடும். "அந்தப் பாணி, இந்தப் பாணி" என்று கட்சி கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உண்டு. மௌனத்துக்கும் தன் இடம் உண்டு. ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்று வித்வான்கள் உட்கார்ந்திருப்பார்களாம். வாசிக்கும் நேரத்தில் அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் வாசித்து முடிந்த பிறகும் மௌனமாக எழுந்து போய்விட்டால், கேட்டவன் மனத்தில் பிறந்த கேள்வி அவனோடு தெருக்கோடியில் மறைந்துவிடும்.

பல வாத்தியங்கள் இன்று நம்மிடம் ஒரு சிலர் கையில் மாத்திரம் நிற்கின்றன. முகவீணை வாசிப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கோட்டுவாத்தியமும் அருகிப் போயிற்று. அவற்றைக் காப்பாற்ற மானியம் வேண்டும், விருது வேண்டும், அருங்காட்சியகம் வேண்டும் என்கிறார்கள். எல்லாம் வேண்டியவைதாம். அருங்காட்சியகத்தில் வாத்தியத்தின் உடல் இருக்கும். விருது வாங்கியவரின் படம் சுவரில் இருக்கும். அந்த வாத்தியத்தை வாசிக்கிற இருவர், செய்கிற ஒருவர், கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு ரசிகர் ஆகிய நாலு பேர் மாதத்துக்கு ஒரு தடவை ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் அதன் உயிர் இருக்கும். நாலாவது ஆளுக்கு வாசிக்கத் தெரியவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. "அது ஏன் அப்படி?" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.